நியூஜெர்ஸிக்குப் போன கேசட்

நவம்பர் 3, 1998. செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை மறந்து போனேன். பெருங்களத்தூர் ஸ்டேஷனில் எல்லோரும் கூரை இருந்த பக்கமாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள். வண்டியில் ஒரு அம்மாள் இன்னொருத்தியிடம்: "முடிச்சூர்ல கிரவுண்டு வாங்கினியே, கிரவுண்டு இருக்கா, ஏரி இருக்கா?" அவள் சிரிக்கவில்லை.

இன்று கடையில் இரும்புலியூர் கல்யாண வீடியோ. நான்கு கேசட். கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக வேண்டும். கடை முதலாளி தயாளன் சார் "ஏத்தறது" என்பார், லாரியில் மூட்டை ஏற்றுவது போல. டெக்கில் கேசட் ஓடும், ஒயர் வழியாக உள்ளே போகும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம். குறுக்கு வழி கிடையாது. அது ஏறும்போது மவுஸைக்கூடத் தொடக்கூடாது. தொட்டால் நடுவில் படம் கொஞ்சம் விட்டுப்போகும். அப்புறம் ஐயர் வாய் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம்.

ஆகவே என் வேலை: கையைக் கட்டிக்கொண்டு யாருடைய கல்யாணத்தையோ முழுசாகப் பார்ப்பது. ஒரு இடத்தில் உட்கார முடியாதவளுக்கு உட்காருவதுதான் வேலை. ஆனால் பிடித்திருக்கிறது. ஏன் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. வெட்டுவது பிடிக்கிறது. சாப்பாட்டுப் பந்தியை எங்கே நிறுத்த வேண்டும் என்பது கையில் தானாகத் தெரிகிற அந்த ஒரு நொடி.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம். தாம்பரம் மேற்கில் வேறு யாரிடமும் இல்லை என்று சார் தினமும் ஒருவரிடமாவது சொல்கிறார். மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு. கேமராமேன் ஆல்பர்ட் அண்ணா தன் பங்குக்கு டெக்கின் மேல் ஒரு சிலுவை ஸ்டிக்கர். இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே. குரோம்பேட்டையிலிருந்து போன். பையனுக்கு நியூஜெர்ஸியில் வேலை, ஏற்கனவே ஜாதகம் பொருந்திய இடம். பையனின் அம்மா கேட்டாராம்: "பொண்ணோட வீடியோ ஒண்ணு எடுத்து அனுப்புங்களேன். அவன் ஜனவரிலதான் வரான். அதுக்குள்ள பாத்துட்டான்னா தை மாசமே முகூர்த்தம் வச்சிடலாம்."

அம்மா முகம் பூரித்திருந்தது. நான் ஈரத் தலையோடு நின்றேன்.


நவ. 5. வியாழன்

மழை விட்டு வெயில். கொடியில் மூன்று நாள் துணி.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது நடந்தது, சுருக்கமாக.

அம்மா அவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பது: பி.காம்., கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள்.

நான்: "வீட்டில எங்க இருக்கேன்?"

அம்மா: "கல்யாண வீடியோ கடைல வேலைன்னு எப்படிடீ சொல்றது? ஆம்பளைங்களோட ராத்திரி மண்டபம் மண்டபமா சுத்தறியோன்னு நினைப்பாங்க."

"நான் மண்டபத்துக்கே போறதில்லையே. உள்ள உக்காந்து எடிட்டிங்."

"அது நமக்குத் தெரியும்."

அப்பா தயிர் ஊற்றிக்கொண்டார். அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பேசினால் கணக்குப் பார்த்துத்தான்.

நான் கேட்டது ஒன்றுதான். அங்கே போனால் நான் இந்த வேலையைச் செய்யலாமா என்று அவர்களிடம் கேளுங்கள். செய்யலாம் என்றால் எனக்குச் சம்மதம்கூட ஆகலாம். பொய் இல்லை. இந்த ஊரை விட்டு எங்கேயாவது போக வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று தெற்கே போகிற பஸ்களின் போர்டுகளைப் படித்தே வளர்ந்தவள்.

அம்மா: "கேக்கறது அவங்க. நாம பதில் சொல்றவங்க."

அப்பாவைப் பார்த்தேன். "முதல்ல அவங்க சரின்னு சொல்லட்டும்மா. அப்புறம் கேட்டுக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது? பத்திரிகை அடித்த பிறகா?

இன்று சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரே சந்தோஷம். "நம்ம கடைப் பொண்ணு, நம்ம கேமரா, நம்ம சிஸ்டம். காசு கீசுன்னு பேசாத." ஆல்பர்ட் அண்ணா: "அப்போ கல்யாணத்துக்கும் நாந்தான் கேமரா. அமெரிக்காலயா? விசா எடுத்து வச்சுக்கறேன்."


நவ. 8. ஞாயிறு

படப்பிடிப்பு. என் வீட்டில், என்னை.

அம்மா தயாரித்த காட்சிகள்:
விளக்கேற்றுதல்.
ரோஜா பறித்தல். (செடியில் பூ இல்லை. கடையில் வாங்கிவந்து நூலால் கட்டினோம். பறிக்கும்போது நூலும் வந்தது. மூன்று தடவை.)
இங்கிலீஷ் பேப்பர் படித்தல்.
அப்பாவுக்குக் காபி கொடுத்தல். (அப்பா டீதான் குடிப்பார்.)
சிரித்தல்.

மூக்குக் கண்ணாடி கூடாது. கண்ணாடி இல்லாமல் எனக்குக் கேமரா எங்கே என்று தெரியவில்லை. பேப்பரில் ஒரு எழுத்து தெரியவில்லை, பக்கம் மட்டும் திருப்பினேன்.

காபிக் காட்சியில் ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தது. "அண்ணா, முகம் இருட்டாயிடும். லைட்ட இந்தப் பக்கம் கொண்டாங்க. கலர் மாறும், ஒயிட் பேலன்ஸ் திரும்பப் பாருங்க."

ஆல்பர்ட் அண்ணா: "இன்னாமா இது, நீயே நடிச்சு நீயே டைரக்சனா? சொம்மா நில்லும்மா. மணப்பொண்ணு லைட்டப் பத்திப் பேசி நான் பாத்ததே இல்ல."

அப்பா காபி டம்ளரை வைத்துக்கொண்டு: "நான் குடிக்கணுமா, பிடிச்சா போதுமா?"

எல்லாம் முடிந்தது. ஆல்பர்ட் அண்ணாவுக்குச் சாப்பாடு போடப் பக்கத்து வீட்டில் வாங்கிய பெரிய தட்டைத் திருப்பிக் கொடுக்க அம்மா போனாள். அப்பா வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் போட. ஆல்பர்ட் அண்ணா ஒயரைச் சுருட்டப் போனார்.

"அண்ணா, ஒரு நிமிஷம் ஓடட்டும்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். சுவர் ஓரமாக நின்றேன். முன்னால் யோசித்து வைக்கவில்லை. சொன்னது ஏறக்குறைய இது:

"என் பேர் சுதா. நான் தாம்பரத்துல ஒரு வீடியோ ஸ்டுடியோல எடிட்டிங் பண்றேன். நல்லா பண்றேன்னுதான் நினைக்கிறேன். அங்க வந்தா இந்த வேலைய நான் செய்ய முடியுமா? முடியும்னாலும் முடியாதுன்னாலும் முன்னாடியே தெரிஞ்சா நல்லது. இத என் வீட்ல யாரும் கேக்க மாட்டாங்க. அதனால நான் கேக்கறேன்."

ஆல்பர்ட் அண்ணா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிறுத்தினார்.

"உங்கம்மா உன்ன கொன்னுடும்."

"கேசட் உங்ககிட்டதானே அண்ணா இருக்கு."

"என்கிட்ட எங்க கீது? நாளைக்கு நீதானே ஏத்தப் போற."


நவ. 10. செவ்வாய்

வானம் மூடியே. கடையில் மத்தியானம் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. டீ. மறுபடி டீ.

வீடியோ ஆரம்பத்தில் வைக்கப் போட்டோக்கள். அம்மா ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவை. கறுப்பு அட்டையில் ஒட்டிப் பிரிக்க முடியாதவற்றை அட்டையோடு ஸ்கேனரில் வைத்து மூடி மேல் டெலிபோன் டைரக்டரியை வைத்து அழுத்தினேன். ஒன்றாவது பிறந்த நாள். ஸ்கூல் ஆண்டு விழா, பாரத மாதா வேடம். காலேஜ் டூர், மகாபலிபுரம். எதிலும் கண்ணாடி போட்ட நான் இல்லை. அம்மா பார்த்துப் பார்த்து ஒதுக்கியிருக்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. அப்படியானால் எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் அபூர்வமாகத்தான் இருந்திருக்கிறேன்.

சங்கீதம். அம்மாவுக்கு வீணை வேண்டும். அம்மாவின் ஆடியோ கேசட், டேப் ரிக்கார்டரிலிருந்து சவுண்டு கார்டுக்கு ஒயர். வீணையோடு உஸ்ஸ் என்று ஒரு இரைச்சலும் ஏறியது. அந்த இரைச்சலைக் குறைத்தால் வீணை தகரமாகிறது. விட்டுவிட்டேன்.

படம் இன்னும் ஏற்றவில்லை. டிஸ்க்கில் இடமில்லை. இரும்புலியூர் முடிந்து அழித்தால்தான்.

ரஷ்ய நாவல் ஒன்று லைப்ரரியில் எடுத்தது, தலையணை சைஸ். பக்கங்கள் ஓடுகின்றன, ஒன்றும் ஏறவில்லை. அதில் எல்லோரும் அறைக்குள் நடந்துகொண்டே பேசுகிறார்கள். அது மட்டும் புரிகிறது.


நவ. 12. வியாழன்

இரும்புலியூர் போய்விட்டது. கேசட்டில் இறக்கிக் கொடுத்தாயிற்று. டிஸ்க்கில் இடம்.

என்னை ஏற்றினேன்.

கை கட்டி உட்கார்ந்து என்னையே பார்த்தேன். இத்தனை மணப்பெண்களைப் பார்த்திருக்கிறேன், சிரிக்கச் சொன்னால் ஒரு கணம் முன்பு உதட்டை நனைத்துக்கொள்வார்கள். நானும் நனைக்கிறேன். கண்ணாடி இல்லாத முகம், கூட்டத்தில் யாரையோ தவறவிட்டவள் முகம். நடக்கும்போது வலது கை ஆடவே இல்லை. யாரும் இதுவரை சொல்லவில்லை.

லைட்டை நகர்த்தச் சொல்லும் இடத்தில் மட்டும் வேறு ஆள். கை ஆடுகிறது. கழுத்து நிமிர்கிறது. அவளோடு பேசலாம் போலிருந்தது.

கடைசிப் பகுதி வந்தபோது எழுந்து கதவைச் சாத்தினேன். குரல் நடுங்குகிறது, முதல் வாக்கியத்தில். இரண்டாவதில் இல்லை. பின்னால் மோட்டார் சத்தம், அப்பா போட்டது. தண்ணீர் தொட்டியில் விழ ஆரம்பிக்கிற இடத்தில் "அதனால நான் கேக்கறேன்" முடிகிறது. நானே யோசித்திருந்தால் இவ்வளவு சரியாக வைத்திருக்க முடியாது.

மாலை வண்டியில் ஜன்னல். எதுவும் செய்யாமல் இருப்பது எப்படி என்று யாராவது சொல்லித் தந்தால் தேவலை.


நவ. 14. சனி

அம்மா கடைக்கு வந்தாள். முதல் தடவை. பட்டுப் புடவையில், ஏதோ கோவிலுக்கு வருகிற மாதிரி. சார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

போட்டுக் காட்டினேன். போட்டோக்கள், வீணை, விளக்கு, ரோஜா. அம்மா கண் கலங்கினாள். "பரவாயில்லடி. நல்லா பண்ணியிருக்க." இந்த மூன்று மாதத்தில் அம்மா என் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு வரப்போவதை நினைத்து மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

காபிக்குப் பின் வீணை நின்றது. நான் கண்ணாடியோடு வந்தேன். பேசினேன்.

சார் மானிட்டரின் சந்தனப் பொட்டைப் பார்த்தார்.

அம்மா மெதுவாக: "இது எப்ப எடுத்தது?"

"நீ தட்டு கொடுக்கப் போனப்ப."

"எடுத்துடு."

"அம்மா, ஒரே ஒரு கேள்வி."

"சுதா. இங்க வச்சு என்னைப் பேச வைக்காத. எடுத்துடு."

சார்: "அம்மா சொல்றது சரிதாம்மா. ஃபீலிங்கா போயிட்டு இருக்கறப்ப இது என்னவோ நியூஸ் வாசிக்கற மாதிரி. தனியா தெரியுது பாரு." எடிட்டிங் பற்றிய கருத்து போலவே சொன்னார். அதில்தான் கோபம் வந்தது. எடிட்டிங்படி அது சரியான இடம்.

எடுத்தேன். அம்மா முன்னாலேயே. காபியும் சிரிப்பும் போய் ஒட்டிக்கொண்டன. வீணை தொடர்ந்தது. ஒன்றும் நடக்காதது போல.

அம்மா கிளம்பும்போது வாசலில் சார்: "கவலைப்படாதீங்கம்மா. இத பாத்துட்டு எவன் வேணாம்பான்?"


நவ. 16. திங்கள்

நல்ல மழை. சார் கூடுவாஞ்சேரிக்குப் போயிருந்தார், ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு ஆர்டர் பேச.

நான் பேசின துண்டைத் திரும்ப வைத்தேன். அதே இடத்தில்.

அம்மாவை ஏமாற்றுகிறேன். தெரியும். அம்மாவும் அவர்களை ஏமாற்றுகிறாள், என்னை வைத்து. இரண்டையும் கழித்தால் என்ன மிஞ்சும்? அப்பாவிடம் கேட்க வேண்டிய கணக்கு.

இரண்டு மூன்று தடவை மனசு மாறியது. எடுத்தேன், வைத்தேன். மானிட்டரில் அந்தத் துண்டு ஒரு சின்ன நீலக் கட்டம். மவுஸால் தூக்கி வெளியே வைத்தால் நல்ல பெண். உள்ளே வைத்தால் நான். கடைசியில் உள்ளே விட்டுவிட்டு கேசட்டில் இறக்கினேன். இறங்கும்போது ஆல்பர்ட் அண்ணா வந்து பின்னால் நின்றார். பார்த்தார். "நான் இங்க இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுக் கேசட், பிளாஸ்டிக் டப்பா, மேலே என் பெயர். மாலை அம்மாவும் நானும் சேர்ந்து போய்த்தான் கூரியரில் கொடுத்தோம். அம்மா டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.


நவ. 21. சனி

போய்ச் சேர்ந்திருக்குமா?

கார்த்திகை முகூர்த்தம். கடை நிறைய கேசட். சேலையூர், சிட்லபாக்கம், ஊரப்பாக்கம். மார்கழி பிறப்பதற்குள் எல்லோரும் பண்ணி முடித்துவிட வேண்டும் என்கிற அவசரம். ஏற்றுகிறேன், வெட்டுகிறேன், இறக்குகிறேன், அழிக்கிறேன். ஒரு மணப்பெண்ணின் முகம் இன்னொருத்தியின் கல்யாணத்தில் வருவது போலக் கனவு. பகலில், வண்டியில், தூக்கம் போட்டபோது.

போன் அடித்தால் எழுந்து நிற்கிறேன். அம்மாவும் எழுந்து நிற்கிறாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். அவள் காரணம் வேறு, என் காரணம் வேறு.

அவன் எப்படிப் பார்ப்பான்? தனியாகவா, ரூமில் இருக்கிற நண்பர்களோடா? என் துண்டு வரும்போது என்ன செய்வான்? சிரிக்கலாம். ரீவைண்ட் பண்ணலாம். ரீவைண்ட் பண்ணினால் நல்ல ஆள். இப்படியெல்லாம் அளவுகோல் வைத்து ஒருவனை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். போட்டோவில் பார்த்த முகம்தான். பக்கவாட்டில் வகிடு.


நவ. 29. ஞாயிறு

வந்தது.

காலை பத்து மணிக்கு குரோம்பேட்டை அம்மா. எங்கள் அம்மா "சொல்லுங்க... சொல்லுங்க..." என்று நின்றபடி கேட்டு, மெல்ல உட்கார்ந்து, "ரொம்ப சந்தோஷம்" என்றாள். மூன்று தடவை. அப்பா பேப்பரை மடித்தார்.

சம்மதம். பையனுக்குப் பிடித்திருக்கிறது. ஜனவரியில் வருகிறான். முகூர்த்தம் தையிலேயே.

என் காது சூடாகிவிட்டது. "நான் கேட்டதுக்கு" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். அம்மாவுக்கு அது போனதே தெரியாது. "கேசட்டப் பத்தி என்ன சொன்னார்?" என்று மாற்றிக் கேட்டேன்.

"ஆங், கேசட்டு. அது அங்க ஓடலையாம். டிவில கோடு கோடா ஓடிச்சாம், படமே வரலியாம். சத்தமும் ஏதோ கரகரன்னு. ஆனா பரவாயில்லன்னுட்டான். போட்டோதான் பாத்துட்டேனே, உங்களுக்குப் பிடிச்சா எனக்கு ஓகேன்னு சொல்லிட்டானாம். என்ன தங்கமான பையன் பாரு."

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. கோடு கோடாக நான். ரோஜாவும் கோடு, நூலும் கோடு.


நவ. 30. திங்கள்

கடை. விசாரணை.

சார்: "ஓடலையா? சான்ஸே இல்ல. நான் செக் பண்ணி அனுப்பின கேசட்." (அவர் செக் பண்ணவில்லை. அது வேறு விஷயம்.) "போன வருஷம் செட்டியார் பொண்ணு கல்யாணம், துபாய்க்கு எடுத்துட்டுப் போனாங்க, ஓடிச்சு. மஸ்கட்டுக்குப் போச்சு, ஓடிச்சு. சிங்கப்பூர் போச்சு."

ஆல்பர்ட் அண்ணா பஜாரில் டி.வி. ரிப்பேர் செய்கிற நண்பருக்குப் போன் போட்டுக் கேட்டார். வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பேஜாருமா. துபாய், சிங்கப்பூரு எல்லாம் நம்ம சிஸ்டமாம். அமெரிக்கால டிவி சிஸ்டமே வேறயாம். நம்ம கேசட்ட அங்க போட்டா வெறும் கோடுதான் வருமாம். மாத்தி எடுக்க மெட்ராஸ்ல ரெண்டு மூணு எடத்துலதான் மெஷினு கீதாம்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தினமும் கேசட்டில் பிழைக்கிற மூன்று பேர். எங்கள் கடையிலிருந்து அமெரிக்காவுக்குப் போன முதல் கேசட் என்னுடையதுதான், யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கும்தான். சாஃப்ட்வேரில் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆரம்பிக்கும்போது எந்த டிவி சிஸ்டம் என்று கேட்கும். நானே தினமும் முதலாவதாக இருப்பதைத் தொட்டுவிட்டு மேலே போகிறேன்.

சார்: "போகட்டும் விடு. அதான் பாக்காமலே ஓகே சொல்லிட்டாரே. நம்ம கடைக்குக் கெட்ட பேரு இல்ல."


டிச. 2. புதன்

சிலுசிலுவென்று காற்று. கார்த்திகை விளக்குக்கு அம்மா அகல் கழுவுகிறாள், பாடிக்கொண்டே.

பாக்காமலே ஓகே. இதை நாள் முழுக்க மெல்லுகிறேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் இருக்காது. அதற்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

மாலை அப்பாவோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன், பழம் வாங்க. நெரிசல். லாரிகள். ஹாரன் நடுவில் சொல்லிவிட்டேன் எல்லாவற்றையும். துண்டு, எடுத்தது, திரும்ப வைத்தது.

அப்பா ரோட்டைக் கடந்தார். இந்தப் பக்கம் வந்து: "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதுல என்னன்னு கேட்ட, சரியா சொல்லு."

சொன்னேன். ஏறக்குறைய அதே வார்த்தைகள். இந்தத் தடவை முதல் வாக்கியமும் நடுங்கவில்லை.

வாழைப்பழக்காரர்: "சார், ரஸ்தாளியா, பூவனா?" அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார். "ஞாயித்துக்கிழம அந்தப் பையனே பேசறேன்னு சொல்லியிருக்கான். நீயே அவன்கிட்ட பேசு."

"அம்மா?"

"நான் பக்கத்துல இருக்கேன்."

பூவன் வாங்கினோம்.


டிச. 6. ஞாயிறு

காலை ஏழு மணி. வெளியே பால்காரர், உள்ளே குளித்து முடித்து நான், கண்ணாடியோடு. அம்மா: "குரல மெதுவா வச்சுப் பேசு. முதல்ல சௌக்கியமான்னு கேளு."

அடித்தது. அப்பா எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"ஹலோ, சுதாவா?" சொல்லுக்குச் சொல் நடுவில் இடைவெளி. என் குரல் எனக்கே திரும்பிவந்தது. அவருடையது நல்ல குரல்தான். பயந்த குரலும்கூட. இங்கே பனி ஆரம்பித்துவிட்டது என்றார். எங்களுக்கு மழை என்றேன். சௌக்கியமா என்று கேட்டேன்.

"கேசட் பாக்க முடியலைன்னு சொன்னாங்க. மாத்தி அனுப்பட்டுமா?"

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? சிரமம். எனக்கு ஓகேதாங்க."

"அதுல நான் ஒண்ணு கேட்டிருந்தேன்."

"வீடியோலயா?" சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "கேளுங்க."

"நான் வேலைக்குப் போறேன். வீடியோ எடிட்டிங்." என் பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

இடைவெளி. "அப்படியா. எங்கம்மா நீங்க வீட்ல இருக்கறதா... ஓ. ஹாபி மாதிரியா?"

"வேலை மாதிரி. அங்க வந்தா செய்யலாமா?"

இந்தத் தடவை இடைவெளி லைனால் வந்தது இல்லை. "பொய் சொல்ல மாட்டேங்க. என் விசால ஒய்ஃபா வர்றவங்க வேலை செய்யக் கூடாது. கிரீன் கார்டு வர்ற வரைக்கும். அது எத்தன வருஷமாகும்னு எனக்கே தெரியாது. இங்க என் ஃபிரெண்ட்ஸோட ஒய்ஃப் எல்லாரும் அப்படித்தான் வீட்ல இருக்காங்க. முதல்ல கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

நேர்மையான ஆள். அதுதான் சங்கடம். இவரை எனக்குப் பிடித்துவிடலாம் என்று அந்த நொடியில் தோன்றியது. ஒரு வீடு, ஹீட்டர், ஜன்னலில் பனி, தலையணை சைஸ் நாவல்கள். பழகித்தான் போகும். எனக்கு எதுவும் பழகும். அதுதான் பயம்.

"எனக்கு அது பழக வேண்டாம்னு தோணுதுங்க."

அம்மா "சுதா" என்றாள். அப்பாவின் கை அம்மா பக்கம் நீண்டதைப் பார்த்தேன்.

அவர்: "புரியுதுங்க. நீங்க கவலைப்படாதீங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். உங்க மேல எதுவும் வராம, ஆபீஸ்ல லீவு கிடைக்கல, அப்படி ஏதாவது வேற காரணம் சொல்லிடறேன்."

"வேற காரணம் வேண்டாங்க. இதையே சொல்லுங்க."

போனை வைத்தேன். அம்மா சமையலறைக்குள் போனவள் வரவே இல்லை. மத்தியானம் சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது. அப்பா மட்டும், "முதல்லயே நான் கேட்டிருக்கணும்," என்றார். அவ்வளவுதான்.

சரியாகச் செய்தேனா? மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நாவலில் வருகிறவர்கள் போல. ஒரு தெளிவும் வரவில்லை. ஜனவரியில் அவர் வருவார், வேறு யாரையாவது பார்ப்பார், அந்தப் பெண்ணுக்குப் பழகிவிடும். அவள்மேல் இப்போதே சின்னப் பொறாமை. எழுதி வைக்கிறேன், பிறகு இல்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காக.


டிச. 7. திங்கள்

வெயில். இன்று இன்னொரு ஊரப்பாக்கம் கல்யாணம் ஏற்ற வேண்டும், ஐந்து கேசட்.

அம்மா நேற்றிலிருந்து பேசவில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் வாசல் பெஞ்சில் இருந்தது. செருப்பு மாட்டும்போது போன். அம்மா எடுத்தாள். குரோம்பேட்டை. அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம்.

"என்னங்க இது, உங்க பொண்ணு கல்யாண வீடியோ கடைல வேலை பாக்கறாளாமே? வீட்ல இருக்கான்னுதானே சொன்னீங்க?"

நியூஜெர்ஸிக்காரர் அப்படியே சொல்லியிருக்கிறார். வேறு காரணம் சொல்லவில்லை.

அம்மா சுவரைப் பார்த்து நின்றாள். நான் ஒரு செருப்போடு நின்றேன். என்னவெல்லாமோ சொல்லிச் சமாளிப்பாள், கோர்ஸ், ட்ரெயினிங், பொழுதுபோக்கு என்று. எல்லாம் அவளுக்கு வரும்.

"ஆமாங்க," என்றாள் அம்மா. "எடிட்டிங் பண்றா."

போனை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். எட்டேகால் வண்டி போய்விட்டது. பஸ்ஸில்தான் போக வேண்டும்.